ஊருணிக்கு முன்னால் வந்த தண்ணீர்

தும்பைச்செவலில் ஊருணிக்கு முன்னால் தண்ணீர் வந்துவிட்டது. ஆனி மாதம் பதினான்காம் தேதி காலை பத்தேகால் மணிக்கு, பதினேழு கிலோமீட்டர் தள்ளியிருந்த கல்லூரியில் முதல்வர் ஞானசிகாமணி நிதியுதவிக் கடிதத்தின் உறையை ஸ்கேலால் கிழித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், ஊருக்குக் கிழக்கே தூர்ந்து முள் மண்டிக் கிடந்த ஊருணிப் பள்ளத்துக்கு மேலே, தரையிலிருந்து பன்னிரண்டு அடி உயரத்தில், ஐம்பது சென்ட் பரப்பும் ஆறடி ஆழமும் கொண்ட நல்ல தண்ணீர், கெண்டை மீன்களோடும் கொஞ்சம் பாசியோடும், யாரும் தாங்கிப் பிடிக்காமல் நின்றது.

இதற்குக் காரணம் என்ன என்பதைப் பற்றி ஊரில் ஒரு கருத்து உண்டு. மாணவர்கள் படிப்பின் ஒரு பகுதியாக ஒரு கிராமத்துக்குத் தொண்டு செய்து அதிலிருந்து பாடம் கற்பது என்பது திட்டம். அதற்கான விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தவள் புவியியல் இரண்டாம் ஆண்டு மாணவி சந்தனமாரி. அட்டவணையில் ‘செயல்பாடு’ என்ற கட்டத்தை இடப்பக்கமும் ‘விளைவு’ என்ற கட்டத்தை வலப்பக்கமும் போடுவதற்குப் பதிலாக அவள் மாற்றிப் போட்டுவிட்டாள், அதனால்தான் ஊருணி வெட்டுவதற்கு முன்னால் தண்ணீர் வந்துவிட்டது என்பார்கள். இந்த விளக்கம் போதாது. நாட்டில் எத்தனையோ விண்ணப்பங்களில் கட்டங்கள் இடம் மாறியிருக்கின்றன, அவற்றில் ஒன்றிலிருந்தும் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததாகப் பதிவு இல்லை. காரணத்தை இத்தோடு விட்டுவிடலாம்.

குளம், ஏரி, கண்மாய், ஏந்தல், தாங்கல், கயம், பொய்கை, இலஞ்சி என்று நிலத்தில் கிடக்கும் நீருக்குத் தமிழில் பெயர் அடுக்கிக்கொண்டே போகலாம். நிலத்துக்கு மேலே நிற்கும் நீருக்குப் பெயர் இல்லை. ஆகவே தும்பைச்செவல்காரர்கள் அதைத் ‘தண்ணீர்’ என்றே அழைத்தார்கள். முதல் நாள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அதன் அடியில் நடந்தார்கள். இரண்டாம் நாள் செருப்போடு நடந்தார்கள். மூன்றாம் நாள் மேலத்தெரு பொம்மக்கா தன் டீக்கடை பெஞ்சுகளை அதன் மேற்கு ஓரத்து அடியில் கொண்டுவந்து போட்டாள்; ஆனி வெயிலில் அப்படி ஒரு குளிர்ந்த பச்சை நிழல் அந்த வட்டாரத்திலேயே வேறெங்கும் கிடையாது, ஆகையால் டீயின் விலை ஏறியபோதும் யாரும் முணுமுணுக்கவில்லை. உள்ளே துளைத்த நீண்ட மூங்கிலை அடிவயிற்றில் குத்தினால் குழாய் போலத் தண்ணீர் இறங்கும், உருவினால் பழையபடி மூடிக்கொள்ளும் என்பதை யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை, நான்காம் நாள் அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. துணிகளைக் கழியில் கட்டி மேலே முக்கி எடுத்தார்கள். கொக்குகள் கீழே மரக்கிளைகளில் ஒற்றைக்காலில் நின்று, கழுத்தை வளைத்து, மேலே பார்த்து மீன் பிடிக்கப் பழகிக்கொண்டன.

பிள்ளைகள் புளியமரக் கிளையிலிருந்து அதற்குள் குதித்தார்கள். ஆழம் குறைந்த ஓரங்களில் அவர்களுடைய கால்கள் மட்டும் கீழே நீட்டிக்கொண்டு அலைந்தன. ஒருவரும் விழவில்லை, தண்ணீர் விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அம்மாக்கள் அண்ணாந்து பார்த்து, கால்களை வைத்துப் பிள்ளைகளை அடையாளம் கண்டு, துரட்டியால் கொலுசை மாட்டி இழுத்தார்கள். மேலத்தெருப் பிள்ளைகளும் பள்ளத்தெருப் பிள்ளைகளும் கலந்து நீந்தியதில் சில தவறுகள் நேர்ந்தன. ஒரு மேலத்தெருத் தாய் இழுத்து, திட்டி, தலை துவட்டி, பாதிச் சோறு ஊட்டிய பிறகுதான் அது பள்ளத்தெருக் கால் என்று தெரிந்தது. மீதிச் சோற்றையும் ஊட்டித்தான் அனுப்பினாள், ஆனால் அதை வீட்டில் சொல்லவில்லை.

கிராம நிர்வாக அலுவலர் வந்து நில அளவைப் புலப்படத்தை விரித்துப் பார்த்தார். அதில் நீளத்துக்கும் அகலத்துக்கும் இடம் இருந்தது, உயரத்துக்கு இல்லை. ஆகவே தண்ணீர் தன் எல்லைக்குள் வரவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு, இரண்டு குடம் பிடித்து வண்டியில் வைத்துக்கொண்டு போனார்.

இப்படி ஊர் தண்ணீரைத் தன் வழக்கத்துக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, சந்தனமாரி மட்டும் மூங்கிலைக் கவனித்தாள். திங்கட்கிழமை எட்டாத மூங்கில் வெள்ளிக்கிழமை எட்டியது.

அவள் பள்ளத்தெருக்காரி. ஊருணிப் பள்ளத்தின் கிழக்குக் கரைக்கு அந்தப்பக்கம், நிலம் சரிந்து இறங்கும் இடத்தில் இருபத்திரண்டு வீடுகள். முதல் வீடு அவளுடைய அம்மா மாடத்தியுடையது, போன தை மாதம்தான் பூசி முடித்தது. சந்தனமாரி மூங்கிலில் கரிக்கோடு போட்டு, மூன்று நாள் பார்த்துவிட்டு, திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரான தங்கபுஷ்பத்திடம் போனாள். தங்கபுஷ்பம் புவியியல் துறையின் கௌரவ விரிவுரையாளர். அந்தப் பதவியில் கௌரவம் பெயரில் மட்டும்தான் இருக்கும். அவள் தன் பையிலிருந்து டேப்பை எடுத்து, வெயிலில் நின்று, தானே ஒரு முறை அளந்தாள்.

“ஒரு நாளைக்கு நாலு அங்குலம் இறங்குது” என்றாள். “பன்னிரண்டு அடி. வந்த நாளில இருந்து முப்பத்தாறு நாள். ஆடி பதினெட்டு அன்னைக்கு அடிவயிறு தரைமட்டத்தைத் தொடும்.”

“தொட்டா, மிஸ்?”

“தரைமட்டம் வரைக்கும் அது காத்தோட பொறுப்பு. அதுக்குக் கீழ மண்ணோட பொறுப்பு. குழி இருந்தா குழியில உட்காரும்.”

“இல்லாட்டி எங்க வீட்டுல உட்காரும்” என்றாள் சந்தனமாரி.

தண்ணீரின் அடிவயிறு தட்டையாக இல்லை. நாற்சதுரமாக, நான்கு பக்கமும் படிப்படியாகக் குறுகி, நடுவில் தொப்பையாகத் தொங்கியது. இன்னும் வெட்டாத ஊருணியின் அச்சு அது. திட்டத்திலிருந்த முப்பத்தொரு மாணவர்களும் வந்து அதன் ஒவ்வொரு வளைவுக்கும் கீழே நூல்குண்டு விட்டு, தரையில் கோலமாவால் அதை வரைந்தார்கள். வரைந்து முடித்தபோது எது எவ்வளவு ஆழம் என்று ஒரு குழந்தைக்கும் தெரிந்தது. மண்வெட்டியை எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

எடுக்க முடியவில்லை. நிதியுதவி நிபந்தனைகளில் ஏழாவது, தொடக்க விழா நடக்காமல் வேலை தொடங்கக் கூடாது என்றும், முதல் மண்ணை நிதி தரும் சென்னை அறக்கட்டளையின் தலைவரே வெட்டுவார் என்றும் சொன்னது. விழாவுக்குக் குத்துவிளக்கு வந்துவிட்டது, பேனர் வந்துவிட்டது, பொன்னாடை வந்துவிட்டது, தலைவர் வரவில்லை. முதல்வர் சென்னைக்குத் தொலைபேசியில் பேசினார். மறுமுனையில் ஒரு அதிகாரி மிக இனிமையாகப் பேசினார்.

“சார், புகைப்படம் பார்த்தோம். வறண்ட ஊருணின்னு சொல்லியிருக்கீங்க. படத்துல தண்ணீர் இருக்கே.”

“மேலதான் சார் இருக்கு.”

“எங்க படிவத்துல மேல கீழன்னு இல்ல சார். விளைவு வந்துடுச்சுன்னா திட்டம் முடிஞ்சதா ஆகிடும். முடிஞ்ச திட்டத்தை எப்படித் தொடங்குறது?”

“அப்ப தலைவர் வர மாட்டாரா?”

“வருவார் சார், வருவார். ஆனா ஆடி பிறக்கப்போகுதே. அவர் ஆடியில எதையும் தொடங்க மாட்டார். ஆவணி மூணு நல்ல முகூர்த்தம்.”

ஆடியில் எதையும் தொடங்காதவர் அவர் மட்டுமல்ல. பெண் பார்க்க மாட்டார்கள், வீடு மாற மாட்டார்கள், பல் பிடுங்குவதைக்கூட ஆவணிக்குத் தள்ளிவைப்பார்கள். ஊராட்சித் தலைவர் அய்யாத்துரை, ஆவணிவரை பொறுக்கலாம், தண்ணீர் எங்கே ஓடிப்போகிறது என்றார். எங்கே ஓடும் என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது. அவர் வீடு மேட்டில் இருந்தது.

ஆனி முப்பத்திரண்டாம் தேதி, மாதத்தின் கடைசி மாலை, டீக்கடை பெஞ்சில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, சந்தனமாரி எழுந்து நின்றாள். தலைக்கு மேலே, தரையிலிருந்து ஆறடி உயரத்தில், மீன்கள் போய்க்கொண்டிருந்தன.

“தொடங்க வேண்டாம்” என்றாள். “முடிவு முதல்ல வந்தாச்சு. அடுத்து வர வேண்டியது நடு. தொடக்கம் கடைசியில வரட்டும். நாளைக்கு நாம நடுவைச் செய்வோம்.”

பொம்மக்கா டீ ஆற்றுவதை நிறுத்தினாள். “அப்ப முதல் மண்ணு?”

“அதைத் தொட மாட்டோம். நூறு நாள் வேலையில ஆழம் தெரியறதுக்காக நடுவுல ஒரு மண்தூண் விடுவாங்கல்ல, அதேமாதிரி தலைவருக்குன்னு நாலடிச் சதுரம் விட்டுவைப்போம். முதல் மண் அதுதான். நாம வெட்டுறது எல்லாம் ரெண்டாவது மண்.”

முதல்வர் ஞானசிகாமணி நிபந்தனைகளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து ஏழாவதை மூன்று முறை படித்தார். இரண்டாவது மண்ணைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. முப்பது ஆண்டுக்காலம் சுற்றறிக்கைகளைப் படித்தே பழகிய அந்தக் கண்ணில் முதல் முறையாக ஒரு குறும்பு தெரிந்தது. “ரெண்டாவது மண்ணை யார் வேணா வெட்டலாம்” என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆடி ஒன்றாம் தேதி, எதையும் தொடங்கக் கூடாத மாதத்தின் எதையும் தொடங்கக் கூடாத முதல் நாளில், தும்பைச்செவலில் யாரும் எதையும் தொடங்கவில்லை. எல்லாரும் நடுவிலிருந்து வேலை செய்தார்கள். ஜேசிபி ஒன்று வந்தது, கையைத் தூக்கியதும் அது தண்ணீருக்குள் போய் ஓட்டுநர் தொப்பலாக நனைந்து, இது ஆள் செய்கிற வேலை என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். மாணவர்களுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை. நூறு நாள் வேலைக்குப் போய்ப் பழகிய பெண்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்கள். “ஏ படிச்ச ராசா, மண்ணை வெட்டச் சொன்னா கோதிவிட்டுட்டிருக்கியே, அதுக்குத் தலைவலியா?” என்று கேட்டபடியே கையை மாற்றிப் பிடிக்கவைத்தார்கள். மூன்றாம் நாள் மாணவர்களின் கை கொப்பளித்தது, ஆறாம் நாள் காய்த்தது, ஒன்பதாம் நாள் அவர்கள் முதல்வரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மேலே தண்ணீர் நாளுக்கு நாலு அங்குலம் இறங்க, கீழே மண் நாளுக்கு நாலு அங்குலம் இறங்க, இரண்டுக்கும் நடுவில் ஆட்கள் குனிந்தும் நிமிர்ந்தும் சட்டி சட்டியாக மண்ணைக் கைமாற்றினார்கள். முப்பத்தொரு மாணவர்களும் அறுபது பெண்களும் பதினெட்டு நாளில் அவ்வளவு மண் வெட்ட முடியாது. அவர்கள் வெட்டினார்கள்.

மேற்கில் படி எழுந்தது, வடக்கில் எழுந்தது, தெற்கில் எழுந்தது. ஆடி பதின்மூன்றாம் தேதி கிழக்கே கோலமாவுக் கோட்டில் மண்வெட்டி விழப்போனபோது, அய்யாத்துரை வந்து குறுக்கே நின்றார்.

“கிழக்கே எதுக்குப் படி? அந்தப் பக்கம் எந்தக் காலத்திலயும் கரைதான்.”

அது உண்மை. ஊருணி நிறைந்திருந்த காலத்திலும் பள்ளத்தெருவுக்கு அதில் இறங்கப் படி இருந்ததில்லை. அவர்கள் ஒன்றரை மைல் நடந்து காட்டுக் கிணற்றில் எடுத்தார்கள். இதை யாரும் சட்டமாக எழுதிவைக்கவில்லை. கரையை உயர்த்திக் கட்டினார்கள், அவ்வளவுதான்.

“தண்ணீருக்கு நாலு பக்கமும் படி இருக்கு தலைவரே” என்றாள் சந்தனமாரி. “நான் போடல. மேல பாருங்க.”

“மேல ஆயிரம் இருக்கும். கீழ நான் சொல்றதுதான். மூணு பக்கம் போதும்.”

“கிழக்கே குழி இல்லாட்டி அந்தப் பக்கத்துத் தண்ணி மண்ணு மேல உட்காந்து உடையும்.”

உடைந்தால் எந்தப் பக்கம் உடையும் என்ற எண்ணம் அங்கே நின்ற எல்லார் முகத்திலும் ஓடியது, பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். தங்கபுஷ்பம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சந்தனமாரி அதற்குள், தண்ணீர் இறங்க இறங்க வெட்டிவெட்டி இப்போது ஆள் உயரத்துக்கும் குறைவாகக் குட்டையாகிவிட்டிருந்த மூங்கில்களில் ஐந்தை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, கிழக்கு ஓரத்தின் அடியில் குத்தினாள்.

தண்ணீர் கொட்டியது. சரிவில் உருண்டு, அவளுடைய தெருவை நோக்கி, அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்த வாசலை நோக்கி ஓடியது. மாடத்தி எழுந்திருக்கவில்லை, புடவையை மட்டும் ஒரு சாண் தூக்கிக்கொண்டாள். அப்போதுதான் மேற்கில் கூச்சல் கேட்டது. அங்கே ஓரத்தில் நீந்திக்கொண்டிருந்த பிள்ளைகளின் கால்கள் முழங்கால்வரை தெரிந்தன, பிறகு தொடைவரை, பிறகு அரைஞாண் கயிறு. அவர்களைச் சுற்றித் தண்ணீர் தட்டுப்போல மெலிந்துகொண்டே போனது. பொம்மக்காவின் கடைக்கு மேலே வானம் தெரிந்தது, வெயில் நேராக டீ பாய்லரில் விழுந்தது.

“ஏ, என்னடி பண்ற! எங்க பக்கம் காயுது!”

“ஒரே தண்ணிதான அக்கா” என்றாள் சந்தனமாரி. “கிழக்கே போனா மேற்கே எங்க இருந்து நிக்கும்? எங்க வீடு முழுகும், உங்க ஊருணி காயும். ரெண்டும் ஒரே நாள்ல.”

மூங்கில்களை உருவினாள். கிழக்கு ஓரம் மூடிக்கொண்டது. மேற்கிலிருந்து இரண்டு பிள்ளைகள் நேராகப் பெஞ்சின்மேல் இறங்கி நின்றார்கள், ஒருவன் மேலத்தெரு, ஒருவன் பள்ளத்தெரு, இருவரும் டீ கேட்டார்கள்.

பொம்மக்கா கடைக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் மண்வெட்டி இருந்தது. அய்யாத்துரையைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. நேராக நடந்தாள், அவர் விலக வேண்டியதாயிற்று. “மாமா, தள்ளுங்க. நீங்க மேட்டுல இருக்கீங்க, எனக்குக் கடை இங்க இருக்கு” என்று சொல்லி, கிழக்குக் கரையில், தும்பைச்செவலின் வரலாற்றில் யாரும் வெட்டாத இடத்தில், ஒரு வெட்டு வெட்டினாள். அவளுக்குப் பின்னால், அந்தப் பாதிச் சோறு ஊட்டிய தாய் வந்தாள். அவளுக்குப் பின்னால் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ண முடியவில்லை, எண்ணும் ஆட்களும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான்காவது நாள் அய்யாத்துரையும் ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. அவருக்குக் கொடுத்த மண் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

ஆவணி மூன்றாம் தேதி அறக்கட்டளையின் தலைவர் வந்து, பரிசலில் ஏறி, ஊருணியின் நடுவில் நின்ற நாலடிச் சதுர மண்தூணில் இறங்கி, பேனர் பின்னால் படபடக்க, முதல் மண்ணை வெட்டி இந்தத் திட்டத்தை முறைப்படி தொடங்கி வைத்ததும், சுற்றிலும் ஆறடித் தண்ணீர் இருக்க எதைத் தொடங்கினோம் என்று அவர் பரிசல்காரரிடம் மெதுவாகக் கேட்டதும் பிறகு நடந்தவை. ஆடி பதினெட்டாம் தேதிக்கு வருவோம்.

அன்று காலை வேலை முடியவில்லை. கிழக்கே கடைசிப் படி கால்வாசி பாக்கி இருந்தது. தண்ணீரின் தொப்பை குழியின் விளிம்பு மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே நின்றது. உள்ளே முழங்காலிட்டுத்தான் வெட்ட முடிந்தது. முதுகில் மீன்கள் உரசின. தங்கபுஷ்பம் வெளியே டேப்போடு படுத்துக்கொண்டு, “ஒண்ணரை விரல்... ஒரு விரல்...” என்று கத்திக்கொண்டிருந்தாள். “வெளிய வாங்க! எல்லாரும் வெளிய!” முதல்வர் வந்தார், மாணவர்கள் வந்தார்கள், பொம்மக்கா மேலெல்லாம் சேறோடு தவழ்ந்து வந்தாள். சந்தனமாரி வரவில்லை. உள்ளேயிருந்து மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது, ஒன்று, இரண்டு, பிறகு ஒரு நிறுத்தம், பிறகு மூன்று. மாடத்தி கரையின் மேலிருந்து, “ஏட்டி! வீடு கெடக்கட்டும், நீ வா!” என்று கத்தினாள். மண்வெட்டி பறந்து வந்து கரையில் விழுந்தது. அதன் பின்னால் அவள் வந்தாள்.

தண்ணீர் உட்கார்ந்தது.

சத்தம் பெரிதாக இல்லை, நெடுநேரம் சுமை தூக்கி நின்றவர் சுமையை இறக்கியதும் விடுகிற மூச்சுப்போல ஒன்றுதான் கேட்டது. தொப்பை குழியின் அடியில் பதிந்தது, படி படியில் பதிந்தது, நான்கு பக்கமும் நீர் நான்கு கரைகளைத் தொட்டு, ஒரு முறை தளும்பி, நின்றது. எல்லாரும் கிழக்கே திரும்பினார்கள். பள்ளத்தெருவில் புழுதி உலர்ந்தே கிடந்தது, அதில் ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது.

சந்தனமாரியை மாணவர்கள் தூக்கினார்கள். தூக்கியவர்கள் களைப்பில் கீழே போட்டுவிட்டார்கள். அவள் சேற்றில் கிடந்தபடி சிரித்தாள். தங்கபுஷ்பம் டேப்பைச் சுருட்ட மறந்து அழுதாள். மாடத்தி யாரையும் பார்க்கவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு வந்து, கிழக்குப் படியின் தலைப்பில் நின்றாள். அவள் முதல் படியில் கால் வைத்தாள், ஈர மண் அவளுடைய பாதத்தைக் கொஞ்சம் உள்வாங்கித் தாங்கியது. இரண்டாவது படி. மூன்றாவதில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. குனிந்து குடத்தைச் சாய்த்தாள்.

“ஏ மாடத்தி, கலக்காம மொள்ளு!” என்று எதிர்க்கரையிலிருந்து பொம்மக்கா கத்தினாள். அவளும் குடத்தோடு இறங்கியிருந்தாள்.

“நீ மொதல்ல சேத்தைக் கழுவிட்டு எறங்கு, கலங்குறது உன்னால!” என்றாள் மாடத்தி.

ஊர் சிரித்தது. அய்யாத்துரைகூடச் சிரித்துவிட்டு, பிறகு சுற்றும்முற்றும் பார்த்தார்.

அன்று பொழுது சாய்வதற்குள் மாடத்தி கிழக்குப் படியில் இறங்கி இருபத்துமூன்று குடம் எடுத்தாள். வீட்டில் இருந்த பாத்திரங்களுக்கு ஏழு குடம் போதும். மீதிப் பதினாறையும் வாசலில் கொட்டிவிட்டு, கொட்டிவிட்டு, மறுபடி இறங்கினாள்.